கல்குவாரிக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி வருகிறது என்றதும் டீக்கடையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். “ஜல்லியும் எம்-சாண்டும் இல்லாமல் எவன் வீடு கட்டுவான்? நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டுமே” என்பது ஒரு கட்சி. “வெடி வைத்தால் சுவர் விரியும், கிணறு வற்றும், டிப்பர் லாரி ஓடுகிற ரோட்டில் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?” என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. டீக்கடையில் யார் ஜெயித்தாலும் கோப்பில் ஒரு வரி மாறப்போவதில்லை, அவ்வளவுதான். இந்தச் சண்டையை அரசு உட்கார்ந்து கேட்பதற்கென்று சட்டப்படி ஒரு நாள் இருக்கிறது. அதுதான் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அன்று உங்கள் கவலை எண்ணோடும் அளவோடும் பதிவானால், அனுமதி ஆணையில் ஒரு நிபந்தனையாக வர வாய்ப்புண்டு. கோபமாக மட்டும் பதிவானால், “பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்” என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும்.

குவாரி வேண்டாம் என்பவர்களுக்கும் வேண்டும் என்பவர்களுக்கும் வழிமுறை ஒன்றுதான்.

முதலில், இது என்ன கூட்டம்?

1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு. அதன் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1994-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. மக்கள் கருத்துக்கேட்பு அதில் 1997-இல் சேர்ந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட அறிவிக்கை. கூட்டம் நடத்தும் முறை முழுவதும் அதன் 4-ஆம் பின்னிணைப்பில் இருக்கிறது. சில பக்கங்கள்தான். அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இருப்பவர்களிலேயே சிலர் அதை வெகுநாளாகப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

இது வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் கை தூக்கினாலும் திட்டம் அங்கேயே ரத்தாகாது. ஐந்து பேர் மட்டும் வந்தாலும் கூட்டம் செல்லும், குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் கேட்டதைப் பதிவுசெய்து அனுப்பும். முடிவெடுப்பது வேறு இடம். ‘அ’ பிரிவுத் திட்டம் என்றால் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், ‘ஆ’ பிரிவு என்றால் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். நம் ஊர்க் கல்குவாரிகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் கூட்டம் கிடையாது. ‘ஆ’ பிரிவிலேயே தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படாத ‘ஆ-2’ திட்டங்கள், கட்டடத் திட்டங்கள், புதிதாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கம், பாதுகாப்புத் துறைத் திட்டங்கள் போன்றவற்றுக்கு விலக்கு. அணு, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய அமைச்சகம் விலக்கு அளித்தது. தேசத் தேவைக்கு வேகம் வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். கடற்கரை மணலில் கனிமம் இருக்கிற கன்னியாகுமரிப் பக்கம் இதைக் கேட்டுக் கொதித்துப் போனதில் வியப்பில்லை. கேள்வி கேட்கக் கிடைத்த ஒரே நாளும் அங்கே போய்விட்டதே.

கல்குவாரியில் பார்க்க வேண்டியது ‘தொகுப்பு’ என்ற சொல். உங்கள் ஊர்க் குவாரி 3 ஹெக்டேர்தான் இருக்கும். ஆனால் 500 மீட்டருக்குள் இருக்கும் மற்றக் குவாரிகளின் பரப்பையும் கூட்டி 5 ஹெக்டேரைத் தாண்டினால், முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்பும் வேண்டும். அருகில் எத்தனை குவாரி என்று கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகம் கொடுத்த கடிதம் கோப்பில் இருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு குவாரி விடுபட்டால் கணக்கு 5-க்குக் கீழே இறங்கிக் கூட்டமே இல்லாமல் போகலாம். எனவே ஊரில் உள்ளதோடு அந்தக் கடிதத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளம்பரம் வந்த நாளிலிருந்து 30 நாள்

ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். அதிலிருந்து கூட்டம் வரை குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். விளம்பரம் வந்த பக்கத்தைத் தேதி தெரியும்படி முழுதாக எடுத்து வையுங்கள். கத்தரித்த துண்டில் தேதி இல்லாவிட்டால் பிற்பாடு அது எதற்கும் உதவாது.

2020-இல் வந்த புதிய வரைவு அறிவிக்கை இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்கப் பார்த்தது. தாமதத்தால் முதலீடு ஓடிப்போகிறது என்பது அதன் பின்னாலிருந்த வாதம். அந்த வரைவையே பல மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது, பல லட்சம் கருத்துகள் குவிந்தன, வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. 30 நாளே போதாது என்பது அறிக்கையைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் மூன்று நாளில் நிறுவனத்தின் வரைவுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைக் கைப்பற்றுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகியவற்றில் அது மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். தமிழில் சுருக்க அறிக்கை கட்டாயம். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, “இன்னும் வரலைங்க” என்று பதில் வந்தால் அப்படியே திரும்பி வராதீர்கள். அன்றைய தேதியிட்டு, “வரைவு அறிக்கையைப் பார்வையிட வந்தேன், இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது” என்று ஒரு மனு எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் ஆட்சியருக்கு அனுப்புங்கள். கூட்டம் முறைப்படி நடக்கவில்லை என்று பின்னால் வாதிட வேண்டி வந்தால், இந்தத் தாள்தான் சாட்சி.

300 பக்கத்தில் எதைப் படிப்பது?

தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு 10 பக்கம்தான் வரம்பு. சங்கடமான எண்கள் அதில் ஏறுவதில்லை. ஆங்கிலம் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடியுங்கள். அறிக்கைக்கு விதியே ஒரு வரிசை வைத்திருக்கிறது. திட்ட விவரம் 2-ஆம் அத்தியாயம், இப்போதைய சூழல் 3, பாதிப்பும் தடுப்பும் 4, விபத்து அபாயம் 7, திட்டத்தால் நன்மை 8, செலவோடு கூடிய சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் 10. முதலில் 2, 4 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். உற்பத்தி அளவைப் பெரிதாகக் காட்டுகிற கையும் பாதிப்பைச் சிறிதாகக் காட்டுகிற கையும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதியிருக்கும். அறிக்கைகளில் ஓட்டை விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

லாரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் 6,00,000 கன மீட்டர் கல் எடுக்கப்போவதாக 2-ஆம் அத்தியாயம் சொல்கிறது என்று வையுங்கள்.

ஆண்டுக்கு 1,20,000 கன மீட்டர். வேலை நாள் 300 என்றால் நாளுக்கு 400. பாறை ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன், ஆக நாளுக்கு 1,040 டன். ஒரு டிப்பருக்கு 20 டன் போட்டால் 52 லோடு. போக 52, வர 52, மொத்தம் 104 நடை. வேலை நேரம் 10 மணி என்றால் உங்கள் பள்ளிக்கூட வாசலை ஏறத்தாழ 6 நிமிடத்துக்கு ஒரு லாரி கடக்கும்.

இப்போது 4-ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். ‘நாளொன்றுக்கு 20 லோடு, போக்குவரத்துப் பாதிப்பு மிகக் குறைவு’ என்று இருந்தால் உங்கள் முதல் கேள்வி தயார்: உற்பத்தி எண் தவறா, லாரி எண் தவறா? இரண்டும் சரி என்றால் லாரிக்கு 52 டன் ஏற்றுகிறார்களா? கணக்குப் போடும்போது யூனிட்டில் போடாதீர்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆனால் அது உடைத்துக் குவித்த கல்லின் அளவு. மலையில் இருக்கும் பாறை உடைத்தபின் இடைவெளியோடு பெருகும். டன்னுக்கு மாற்றிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

தூசி அளவும் நீர்மட்டமும் 3-ஆம் அத்தியாயத்தில் இருக்கும். பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், அதாவது மூன்று மாதம், அளந்திருப்பார்கள். நுண்தூசியில் பிஎம் 10-க்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், பிஎம் 2.5-க்கு 60. குவாரி தொடங்கும் முன்பே உங்கள் ஊரில் பிஎம் 10 அளவு 80-ஐத் தொட்டிருந்தால் மிச்சம் இருப்பது 20 மட்டும். அதற்குள் வெடி, கிரஷர், லாரி எல்லாம் எப்படி அடங்கும் என்று கேளுங்கள். அளவுக் கருவி வைத்த இடங்கள் வரைபடத்தில் இருக்கும். காற்று குவாரியிலிருந்து உங்கள் ஊரை நோக்கி அடிக்கிற மாதத்தில், அந்தத் திசையில் ஒரு கருவியாவது இருந்ததா?

நீர்மட்டத்தில் மாதம்தான் சூட்சுமம். மே மாதத்தில் அளந்தால் தண்ணீர் ஆழத்தில் இருக்கும். ‘குவாரியின் அடிமட்டம் நிலத்தடி நீரைத் தொடாது’ என்று எழுத அது வசதி. அதே கிணற்றில் தை மாதம் 20 அடியில் தண்ணீர் நிற்கும். அதனால் உங்கள் கிணறுகளை நீங்களே அளந்து வையுங்கள்: கல் கட்டிய கயிறு போதும். புல எண், தேதி, தரையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று பத்துக் கிணற்றுக்கு ஒரு பட்டியல். நிறுவனத்தின் அட்டவணைக்கு எதிரே உங்கள் அட்டவணை நிற்கும்போது மேடையில் இருப்பவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வேறொரு இடத்து அறிக்கையை எடுத்து ஒட்டிய வேலையும் நடக்கும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பக்கம் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே இருந்தது அம்பலமானது. உங்கள் அறிக்கையில் உங்கள் வட்டாரத்தில் இல்லாத மரமோ ஆறோ வந்தால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

300 மீட்டரும் வெடி அதிர்வும்

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன் 36-ஆவது விதிப்படி குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி நடத்த முடியாது. குத்தகை எல்லையின் மூலைகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அறிக்கையிலேயே இருக்கும். அதைக் கைப்பேசி வரைபடத்தில் போட்டு அருகிலுள்ள வீடு வரை அளந்து பாருங்கள். அளவைத் தொடங்க வேண்டியது எல்லைக் கல்லிலிருந்து, குவாரிக் குழியின் நடுவிலிருந்து அல்ல. குழியின் நடுவிலிருந்து அளந்து 330 மீட்டர் காட்டுவது பழைய வித்தை.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘குடியிருப்பு’ என்றால் என்ன என்பதற்கு அந்த விதியே விளக்கம் தருகிறது: வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தமாகவோ மனையாகவோ இருப்பது, உள்ளாட்சி அல்லது நகர ஊரமைப்புத் துறை அங்கீகரித்த மனைப்பிரிவு. பட்டா நிலத்துக்கு நடுவே இருக்கும் தோட்டத்து வீடு இதில் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் 300 மீட்டர் என்ற ஒற்றைக் காலில் நிற்காதீர்கள். அந்த வீட்டின் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு எண், குடும்ப அட்டை நகல் மூன்றையும் சேர்த்து, “இங்கே ஆள் குடியிருக்கிறார்கள், 300 மீட்டருக்குள் உள்ள வீடுகள் பற்றிய கிராம நிர்வாக அலுவலரின் சான்றில் இந்த வீடு விடுபட்டுள்ளது” என்று தனியாக எழுதுங்கள். அனுமதி வந்தாலும் அந்த வீட்டை முன்வைத்து அதிர்வு நிபந்தனை கேட்க முடியும்.

அதிர்வுக்குச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-இல் வரம்பு வகுத்திருக்கிறது. நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை என்றால் 10. அதற்கு மேல் 15. மெதுவான அதிர்வுதான் வீட்டை அதிகம் ஆட்டும் என்பதால் அதற்கு வரம்பு இறுக்கம். “சத்தம் பயங்கரமாக இருக்கிறது” என்று பேசினால் யாராலும் எதுவும் செய்ய இயலாது. “அருகிலுள்ள வீட்டு வாசலில் அதிர்வுமானி வைத்து ஒவ்வொரு வெடியையும் பதிவுசெய்து மாதாமாதம் ஊராட்சியில் ஒட்ட வேண்டும், 5-ஐத் தாண்டினால் வெடிமருந்து அளவைக் குறைக்க வேண்டும்” என்று கேட்டால், அதை அப்படியே நிபந்தனையாக எழுதலாம்.

இன்னொன்று, குவாரி தொடங்குவதற்கு முன்பே சுற்றியுள்ள வீடுகளின் சுவர்களைப் படம் எடுத்து வையுங்கள். இருக்கிற விரிசலுக்குப் பக்கத்தில் அளவுகோலும் அன்றைய நாளிதழும் வைத்து எடுக்க வேண்டும். இது இல்லாமல் பின்னால் இழப்பீடு கேட்டால், “அது பழைய விரிசல்” என்ற ஒரே பதிலில் கதை முடிந்துவிடும்.

அபாயம் ஊருக்கு மட்டுமில்லை, குழியில் வேலை செய்பவர்களுக்கும்தான். 2022 மே 14 இரவு திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். செங்குத்தாக வெட்டிக்கொண்டே போனால் பாறை ஒருநாள் இறங்கும். படிப்படியாக, தட்டு அமைத்து வெட்டுவதற்கு விதி உண்டு. தட்டு விட்டால் எடுக்கக்கூடிய கல் குறையும். மீறலுக்கான ஆசை அங்கேதான் தொடங்குகிறது. சுரங்கத் திட்டத்தில் தட்டின் உயரம், அகலம் எவ்வளவு என்று பார்த்து, இரவு வேலை உண்டா என்றும் கேளுங்கள்.

கல்குவாரி இல்லாமல் ரசாயன ஆலை என்றால் 7-ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்க வேண்டும். அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989 விதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. குளோரினுக்கு 10 டன்னிலேயே கடமைகள் தொடங்கிவிடும், அம்மோனியாவுக்கு 60 டன். அங்கே கேட்க வேண்டியது, ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரகாலத் திட்டம் எங்கே, கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது என்பது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல்தான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

வளர்ச்சி என்ற அத்தியாயத்தையும் விடாதீர்கள்

எதிர்ப்பவர்கள் 8-ஆம் அத்தியாயத்தைப் படிப்பதில்லை. ஆதரிப்பவர்கள் அதிலுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ‘நேரடியாகவும் மறைமுகமாகவும் 200 பேருக்கு வேலை’ என்றால் அதை உடைத்துக் கேளுங்கள்: கட்டுமானக் காலத்தில் எத்தனை, ஓடும்போது எத்தனை? நிறுவனச் சம்பளத்தில் எத்தனை, ஒப்பந்தக்காரரிடம் எத்தனை? உள்ளூர் ஆள் எத்தனை, எந்த வேலைக்கு? பாறை துளைக்கும் ஜாக்ஹாமர் பிடிக்கிறவருக்கும் எடைமேடையில் உட்காருகிறவருக்கும் வைப்பு நிதி, காப்பீடு உண்டா? நிறுவனம் பதில் சொன்னால் அதைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 செப்டம்பர் 30-ஆம் தேதி அலுவலகக் குறிப்பாணைப்படி, கூட்டத்தில் எழும் கோரிக்கைகளுக்கு நிறுவனம் ஒப்புக்கொள்பவை பணி, தொகை இரண்டோடும் மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். “பள்ளிக்கு உதவுவோம்” என்பது வெறும் பேச்சு. “2 வகுப்பறை, இந்தத் தொகை, முதல் ஆண்டுக்குள்” என்றால் பின்னால் சரிபார்க்கலாம்.

தொழில் தரப்பின் குறையையும் கேட்டுக்கொள்வது நல்லது. காகிதத்தில் கருத்துக்கேட்புக்கு 45 நாள், நிபுணர் குழுவின் மதிப்பீட்டுக்கு 60 நாள், முடிவுக்கு 45 நாள். நடைமுறையில் ஒரே விவரத்தை நான்கு அலுவலகத்துக்கு நான்கு படிவத்தில் கொடுக்க வேண்டும். மாநில ஆணையத்தின் பதவிக்காலம் முடிந்தால் அடுத்தது அமையும் வரை கோப்பு தூங்கும். வங்கி வட்டி தூங்குவதில்லை. நேர்மையாக எல்லாத் தாளையும் வைத்தவர் காத்திருக்க, அனுமதியே இல்லாமல் வெட்டியவர் சந்தையில் மலிவாக விற்பார். இது கட்டுப்பாடு கூடிப்போனதால் வருவதல்ல, அமலாக்கம் இல்லாததால் வருவது. ஆனால் பாதிக்கப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

முன் அனுமதியைத் தட்டிக்கழித்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இரண்டு இடங்களைப் பாருங்கள். 2020 மே 7 அன்று ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்த விசாகப்பட்டினம் ஆலைக்கு, செல்லத்தக்க சுற்றுச்சூழல் அனுமதியே இல்லாதது பின்னர் வெளிவந்தது. தூத்துக்குடியில் 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்த மறுநாள்தான், தாமிர ஆலையின் விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்தைக் கேளுங்கள் என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மே 28-இல் ஆலை மூடப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் நின்றது, தாமிரத்தில் நாடு இறக்குமதியை நம்ப வேண்டியதானது, ஆலையை நம்பியிருந்த லாரிக்காரர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். முன்கூட்டியே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கேட்காமல் விட்டதன் செலவு மட்டும் கண்ணெதிரே இருக்கிறது.

மனு எழுதுவது

கூட்டத்தில் பேச உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதனால் முழு வாதமும் எழுத்தில் போக வேண்டும். ஒரு பிரச்சினைக்கு ஒரு பத்தி. மொத்தம் இரண்டு அல்லது மூன்று பக்கம். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று விஷயம்: அறிக்கையின் அத்தியாயமும் பக்கமும், அதில் என்ன தவறு அல்லது விடுபட்டது, நீங்கள் கேட்கும் நிபந்தனை. உதாரணத்துக்கு:

“அறிக்கை, அத்தியாயம் 4, பக்கம் ___: நாளொன்றுக்கு 20 லோடு எனக் கூறப்பட்டுள்ளது. அத்தியாயம் 2, பக்கம் ___ இல் உள்ள உற்பத்தி அளவின்படி 52 லோடு ஆகிறது (கணக்கு இணைப்பு 1). எது சரி என நிறுவனம் விளக்க வேண்டும். காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 3.30 முதல் 5 வரையும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிச் சாலையில் லாரி இயக்கக்கூடாது என நிபந்தனை விதிக்கக் கோருகிறோம்.”

“திட்டத்தை நிராகரிக்க வேண்டும்” என்பதையும் எழுதலாம், உங்கள் உரிமை. அதோடு, “அனுமதி அளிக்க நேர்ந்தால் கீழ்க்கண்ட நிபந்தனைகள்” என்று ஒரு வரி சேர்த்துத் தொடருங்கள். இதைச் சரணாகதி என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் அனுமதியும் வந்து, உங்கள் ஊருக்கென்று ஒரு நிபந்தனையும் இல்லாமல் போகும்.

நூறு பேர் ஒரே மனுவின் நகலில் கையெழுத்துப் போடுவதைவிட, கிணற்றுக்காரர் கிணற்றைப் பற்றியும், தலைமையாசிரியர் சாலையைப் பற்றியும், ஆடு மேய்ப்பவர் புறம்போக்கு மேய்ச்சலைப் பற்றியும் தனித்தனியாகக் கொடுப்பது மேல். ஒரே மாதிரி மனுக்களை மொத்தமாக ஒரு வரியில் தொகுத்துவிடுவார்கள். வெளியூரில் இருந்தாலும் திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ளவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். கூட்ட நாளுக்கு முன்பே வாரியத்துக்கு விரைவுத் தபாலில் ஒரு பிரதி, கூட்டத்தில் கையில் ஒரு பிரதி.

கூட்ட நாளில்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவர் ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலர், பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர். அதற்குக் கீழ்நிலையில் உள்ளவர் தலைமையேற்க முடியாது. கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். முழுதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். சீக்கிரம் போய் வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள். “பிறகு போடலாம்” என்று வெளியே நின்றால், நீங்கள் வந்ததே கணக்கில் வராது.

முதலில் நிறுவனத்தார் திட்டத்தை விளக்குவார்கள். அது தமிழில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. கட்சிப் பிரமுகர்கள் முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் கிளம்பும்போது கூட்டமும் கலையும். சொல்ல விஷயமுள்ள ஆட்கள் அதற்குப் பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும். வெற்றிலை மடித்துக்கொண்டு பின்வரிசையில் இருக்கிற பாட்டிதான் ஓடை முன்பு எந்தப் பக்கம் போனது என்று அறிவார். அவரைப் பேச வையுங்கள்.

பேசும்போது பெயர், ஊர், புல எண் சொல்லித் தொடங்கி, மனுவில் உள்ள பலமான ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். ஐந்து கேள்வியை ஒரே மூச்சில் கேட்டால், சுலபமான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நான்கைத் தாண்டிவிடுவார்கள்.

நாற்காலி வீசிக் கூட்டத்தைக் கலைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் உள்ளூரில் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே இல்லாமல் மேற்கொண்டு போகலாம் என்று முடிவெடுக்க அறிவிக்கையில் இடமிருக்கிறது. கலைத்தவர்கள் தங்கள் ஊரின் ஒரே வாய்ப்பையும் சேர்த்துக் கலைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் கலைக்க வந்தவர்கள் எதிர்ப்பாளர்களே அல்ல என்ற பேச்சும் உண்டு. அதனால் உங்கள் ஆட்களைக் கட்டுக்குள் வைத்திருங்கள்.

கடைசி அரை மணி நேரம்தான் முக்கியம். நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை வாரிய அலுவலர் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அன்றே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். பாதி ஊர் சாப்பிடப் போன நேரத்தில் இது நடக்கும். யாராவது இருவர் தாளும் பேனாவுமாக இருந்து, விடுபட்டதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். “அதெல்லாம் அப்புறம் டைப் பண்ணிடுவோம்” என்று சொன்னால், குறிப்பு வாசிக்கப்படவில்லை என்று அங்கேயே ஒரு மனு கொடுங்கள்.

கூட்டம் முடிந்தபின்

எட்டு நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பை வாரியம் அனுமதி தரும் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். இணையதளத்திலும் போட வேண்டும். அதைத் தரவிறக்கி உங்கள் மனுவோடு ஒப்பிடுங்கள். குறை இருந்தால் உடனே மாநில ஆணையத்துக்கு வீடியோவைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். பிறகு சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான ஒன்றிய அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் திட்ட எண்ணை வைத்துக் கோப்பைப் பின்தொடரலாம். நிபுணர் குழு விவாதித்த குறிப்புகளும் அனுமதி ஆணையும் அங்கேயே வரும்.

ஆணை வந்தால் நாள் எண்ணத் தொடங்குங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை. 91-ஆவது நாள் போனால் எவ்வளவு நல்ல வழக்காக இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

மேல்முறையீடு வேண்டாம், குவாரி நிபந்தனைப்படி நடந்தால் போதும் என்பவர்களுக்கு வேலை இன்னும் நீளம். நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்று நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் சட்ட மீறலுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டார்கள். தொழில் செய்ய எளிமை என்றார்கள். அபராதம் விதிக்க வேண்டுமானால் மீறல் முதலில் தாளில் இருக்க வேண்டும். எனவே ஆணையிலுள்ள நிபந்தனைகளை வரிசை எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி, எதிரே தேதி வாரியாகக் குறியுங்கள்: வெடி வைத்த நேரம், லாரி நடை, சாலையில் தண்ணீர் தெளித்த நாள், கிணற்று அளவு. ஜூன் அறிக்கை கையில் கிடைத்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அறிக்கை கிடைக்காவிட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. பதிலுக்கு 30 நாள்.